பிஎஸ்/எம்டிக்கு எர்லி டிசிஷன் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். நியூஜெர்சியில் இருக்கிறீர்கள். பெண் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, டாக்டராக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். இளங்கலைப் படிப்புக்கும் அதன்பின் மருத்துவப் படிப்புக்கும் சேர்த்தே இடம் தரும் கூட்டுத் திட்டங்களைத்தான் பிஎஸ்/எம்டி என்கிறோம். அப்படி ஒன்றான, பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டு வருட பிஎல்எம்இ திட்டத்துக்கு எர்லி டிசிஷனில், அதாவது இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று ஒப்புக்கொண்டு முன்கூட்டியே, விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடுமா? அப்படிச் செய்தால் உள்ளூரில் பார்த்து வைத்திருக்கும் ஏழு வருடத் திட்டங்கள் கைவிட்டுப் போகுமா? எழுதியிருப்பது இந்த இரண்டு கேள்விகள்தான். ஆனால் இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது: "எங்கே கையெழுத்துப் போட்டால் மருத்துவ சீட் உறுதியாகும்?" அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எர்லி டிசிஷன் ஒப்பந்தம் உங்கள் பெண்ணை ஒரு கல்லூரியோடு கட்டிப்போடும். அந்தக் கையெழுத்தை வைத்து எந்த மருத்துவப் பள்ளியும் அவளுக்கு வாக்குக் கொடுப்பதில்லை.

நான் இங்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 17 வருடமாகக் கவுன்சலராக இருக்கிறேன். எர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சலர் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூன்றாவது கையெழுத்தை நிறைய முறை போட்டிருக்கிறேன். போட்டபின் வந்த சந்தோஷத்தையும் பார்த்திருக்கிறேன், வருத்தத்தையும் பார்த்திருக்கிறேன். எந்த மருத்துவப் பள்ளியின் தேர்வுக்குழுவிலும் நான் உட்கார்ந்ததில்லை. அதனால் விதிகளைப் பற்றிச் சொல்வதை நிச்சயமாகச் சொல்கிறேன். தேர்வு எப்படி நடக்கிறது என்று சொல்வது, வந்த முடிவுகளை வைத்து நான் ஊகித்தது. அந்த இடம் வரும்போது ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

விதி எளிமையானது. எர்லி டிசிஷனில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள், டிசம்பர் நடுவில் முடிவு. இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் உடனே திரும்பப் பெற வேண்டும். கல்லூரி தரும் நிதியுதவி குடும்பத்துக்கு எந்த வகையிலும் போதவில்லை என்றால் மட்டும் விடுவித்துக்கொள்ளலாம். "மனசு மாறிவிட்டது", "வேறு இடத்தில் ஸ்காலர்ஷிப் வந்தது" என்பதெல்லாம் காரணமாகாது. நீதிமன்றத்துக்கு யாரும் இழுக்க மாட்டார்கள்தான். ஆனால் இறுதி மதிப்பெண் சான்றிதழை நான் ஒரு கல்லூரிக்குத்தான் அனுப்புவேன். வாக்குத் தவறினால் அடுத்த வருடம் அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளையும் அது பாதிக்கலாம் என்ற பயம் எந்தக் கவுன்சலருக்கும் உண்டு.

இனி முக்கியமான விஷயம். பிஎஸ்/எம்டி என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இந்தத் திட்டங்கள் இரண்டு விதமாக இயங்குகின்றன. பிரவுனில் கல்லூரியும் வாரன் ஆல்பர்ட் மருத்துவப் பள்ளியும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. நேர்காணல் கிடையாது. கல்லூரிக்கான முடிவும் பிஎல்எம்இ முடிவும் சேர்ந்தே வரும். அதனால் அங்கே எர்லி டிசிஷனுக்கு அர்த்தம் இருக்கிறது. மற்ற பல திட்டங்களில் கல்லூரி ஓர் இடம், மருத்துவப் பள்ளி வேறோர் இடம். உங்கள் பக்கத்தில் இருக்கும் டிசிஎன்ஜே, என்ஜேஐடி போன்ற கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முதலில் பார்த்து, தகுதியானவர்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெயரை அனுப்பும். நியூவார்க்கில் உள்ள மருத்துவப் பள்ளி அவர்களில் சிலரை நேர்காணலுக்குக் கூப்பிட்டு, அதற்குப் பிறகுதான் முடிவு சொல்லும். ஆல்பனி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த யூனியன், ரென்சலேர் (ஆர்பிஐ), சியனா கல்லூரிகளின் திட்டங்களும் ஏறக்குறைய இப்படித்தான். இந்த வகையில் மருத்துவப் பள்ளியின் பதில் பெரும்பாலும் வசந்த காலத்தில்தான் வரும். டிசம்பரில் கல்லூரி "வா" என்று சொல்வதற்கும் மருத்துவப் பள்ளி எடுக்கப்போகும் முடிவுக்கும் சம்பந்தமே இருக்காது.

இந்த இரண்டாம் வகையில், கல்லூரியில் எர்லி டிசிஷன் வசதி இருந்தாலும் அதை மருத்துவ சீட்டுக்கான குறுக்குவழியாக நினைக்காதீர்கள். சில இடங்களில் கூட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் எர்லி டிசிஷன் போடவே முடியாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் மிசௌரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஆறு வருடத் திட்டத்திலும் எர்லி டிசிஷன் என்பதே கிடையாது. நியூஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸிலும் இல்லை. அங்கே இருப்பது முன்கூட்டி விண்ணப்பித்தாலும் சேரக் கட்டாயம் இல்லாத எர்லி ஆக்‌ஷன் மட்டும்.

சரி, பிரவுனுக்கு வருவோம். வாய்ப்பு கூடுமா என்று கேட்டீர்கள். 2024-ல் பிரவுனில் சேர்ந்த வகுப்புக்கு எர்லி டிசிஷனில் 6,244 பேர் விண்ணப்பித்தார்கள், 898 பேருக்கு இடம் கிடைத்தது. அதாவது நூற்றுக்குப் 14 பேருக்கு மேல். அந்த வருடம் மொத்த விண்ணப்பம் 48,881, மொத்தம் எடுத்தது 2,521 பேர். முன்கூட்டி எடுத்தவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஜனவரியில் விண்ணப்பிக்கும் வழக்கமான சுற்றான ரெகுலர் டிசிஷனில் நூற்றுக்கு நான்கு பேர்கூடத் தேறவில்லை. இந்த எண்களைப் பார்க்கும் எந்தப் பெற்றோருக்கும் "மூன்றரை மடங்கு வாய்ப்பு" என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 898 பேரில் விளையாட்டு அணிகளுக்காகப் பயிற்சியாளர்கள் முன்பே பேசி வைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோர் அங்கே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் இடைவெளி சுருங்கும். ஆனாலும் ஏதோ கொஞ்சம் அனுகூலம் மிஞ்சத்தான் செய்கிறது என்பது என் எண்ணம். கட்டாயம் வருவேன் என்று சொல்லும் பிள்ளையைக் கல்லூரிக்குப் பிடிப்பது இயல்பு.

ஆனால் இந்த அனுகூலம் பிரவுன் கல்லூரிக்குள் நுழைவதற்கானது. பிஎல்எம்இ வகுப்பில் வருடத்துக்கு 50, 60 பேர்தான் சேர்கிறார்கள். அதற்கென்று தனிக் கட்டுரைகள் எழுத வேண்டும், அவை தனியாகப் படிக்கப்படும். எர்லி டிசிஷன் அந்தக் கதவையும் அதே அளவு அகலமாகத் திறக்கிறதா? என் ஊகம்: கொஞ்சம்தான் திறக்கிறது. நான் பார்த்த பிள்ளைகளில் எர்லியில் போட்டு பிரவுன் மட்டும் கிடைத்தவர்கள் உண்டு, ரெகுலரில் போட்டு பிஎல்எம்இ கிடைத்தவளும் உண்டு. என் கையில் இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய உதாரணங்கள்தான், இவற்றை வைத்து விதி எழுத முடியாது. தமிழ்நாட்டில் நீட் கவுன்சலிங்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு மதிப்பெண், ரேங்க், கட்-ஆஃப் என்று ஒரு வரிசை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கே அப்படி ஒரு வரிசை வெளியே ஒட்டப்படுவதே இல்லை. இதை ஏற்றுக்கொள்ளாமல் பல குடும்பங்கள் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே வாய்ப்பு எத்தனை சதவீதம் கூடும் என்பதை விட்டுவிட்டு, நடுவில் வரக்கூடிய கடிதத்தைப் பற்றி யோசியுங்கள். எர்லி டிசிஷனில் பிஎல்எம்இ கேட்பவருக்கு நான்கு விதமான பதில் வரலாம். இரண்டும் கிடைக்கலாம். இரண்டும் கிடைக்காமல் போகலாம். ரெகுலர் சுற்றுக்குத் தள்ளி வைக்கலாம், அப்போது ஒப்பந்தத்தின் கட்டு அவிழ்ந்துவிடும். நான்காவதுதான் நான் சொல்லும் கடிதம்: பிரவுனில் இடம் உண்டு, பிஎல்எம்இயில் இல்லை. அப்போதும் ஒப்பந்தம் செல்லும். அவள் பிரவுனில் சேர்ந்தே ஆக வேண்டும். நான்கு வருடம் படித்து, எம்கேட் என்னும் மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வை எழுதி, மற்ற எல்லாரையும் போல மருத்துவப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பல்கலைக்கழகம் எது என்பது வேண்டாம். டிசம்பர் நடுவில் ஒரு மாலை, பள்ளி முடிந்து காரிடாரில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். ஒரு பையன் என் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். வீட்டில் திறக்கப் பயமாக இருக்கிறது, இங்கேயே பார்க்கிறேன் என்றான். திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன, வாழ்த்துகள் என்று வந்தது. அவன் எழுந்து நின்றுவிட்டான். அப்புறம் கீழே நகர்த்தினான். இரண்டாவது பத்தியில், மருத்துவக் கூட்டுத் திட்டத்தில் இந்த முறை இடம் தர முடியவில்லை என்று இருந்தது. மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தான். முதலில் கேட்ட கேள்வி, "அப்போ அந்த இன்டர்வியூவுக்கு நான் போகக் கூடாதா?" வேறு ஒரு ஏழு வருடத் திட்டத்திலிருந்து அதற்கு முந்தைய வாரம்தான் நேர்காணல் அழைப்பு வந்திருந்தது. போகக் கூடாது. மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் அனுப்பினோம். அந்த ஒன்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். அனுப்பும் பொத்தானை அவனால் அழுத்த முடியவில்லை, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். உலகமே பொறாமைப்படும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளையின் முகம் அது. அக்டோபரில் நானும் அவன் பெற்றோரும் இதை அவனிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அன்றிலிருந்து இந்தப் பேச்சை முடிக்காமல் நான் அந்த மூன்றாவது கையெழுத்தைப் போடுவதில்லை.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இது. பிரவுனுக்கு எர்லி டிசிஷன் போட்டாலும் நியூஜெர்சித் திட்டங்களுக்கான விண்ணப்பங்களைத் தயார் செய்து அனுப்பியே ஆக வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு நவம்பர், டிசம்பரிலேயே கெடு முடிந்துவிடும். பிரவுன் முடிவு வந்தபின் தொடங்கலாம் என்று இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் டிசம்பரில் பிரவுன் எந்த விதமாக "வா" என்றாலும், பிஎல்எம்இயோடு வந்தாலும் இல்லாமல் வந்தாலும், அவையெல்லாம் போய்விடும். எர்லி டிசிஷன் போடுகிறவர் வேறு கல்லூரிகளுக்கு எர்லி ஆக்‌ஷனும் போடலாமா என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறுபடும். இந்த வருடத்து விதியை அந்தக் கல்லூரியின் பக்கத்திலேயே படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் பட்டியல்களை நம்பாதீர்கள். 1961-ல் தொடங்கிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் எச்பிஎம்இ என்ற கூட்டுத் திட்டம் புதிய மாணவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. இன்றும் அதன் பெயரைப் பட்டியலில் முதலில் போட்டு எனக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிசம்பரில் கிடைக்காவிட்டால் ஜனவரியில் வேறொரு கல்லூரிக்கு எர்லி டிசிஷன் 2 போடலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். பிஎஸ்/எம்டி பிள்ளைகளுக்கு நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அதன் முடிவு பிப்ரவரி நடுவில் வரும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் மருத்துவப் பள்ளிகளின் நேர்காணல் காலம். நான்கு வருடம் உழைத்து நேர்காணல் வரை வந்த பிள்ளை, முதல் கடிதத்தில் ஏமாந்த அவசரத்தில் இரண்டாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு, நேர்காணல் நாற்காலியில் உட்காரும் முன்பே எழுந்து வர வேண்டியிருக்கும். மருத்துவத் திட்டங்களுக்கு உண்மையாக முயற்சி செய்கிறவர்கள் ஜனவரியில் பொறுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் இருப்பது வேறு வகை. சேரக் கட்டாயம் இல்லை, ஆனால் அதே நேரத்தில் மற்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கத் தடை உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விலக்கு இருக்கிறது. இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன்: இணையத்தில் தேடினால் ஆகஸ்ட் 1 கெடு, அக்டோபர் 1-க்குள் முடிவு என்று மருத்துவப் பள்ளி எர்லி டிசிஷன் ஒன்று வரும். அது கல்லூரி முடித்துவிட்டு எம்டிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கானது. உங்கள் பெண்ணுக்கு இப்போது சம்பந்தமில்லை.

பணத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. நம்மவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை, "எப்படியாவது பார்த்துக்கொள்வோம்" என்பார்கள். இந்த வருடம் அப்படி விடாதீர்கள். பிரவுனில் மதிப்பெண்ணுக்காகத் தரும் ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்பத்தின் தேவையைப் பார்த்து மட்டுமே உதவி. இரண்டு பேரும் ஐடியில் சம்பாதிக்கும் வீடென்றால் முழுத்தொகையும் உங்கள் தலையில்தான் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 90 ஆயிரம் டாலருக்கு மேல். உதவி போக உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட, கல்லூரியின் இணையதளத்திலேயே நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் இரண்டு பேரும் உட்கார்ந்து வருமான வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை நிரப்பிப் பாருங்கள். எர்லி டிசிஷனில் வேறு கல்லூரியின் சலுகையைக் காட்டிப் பேரம் பேச வழியில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அது முதல் நான்கு வருடத்துக்கு. அடுத்த நான்கு வருட மருத்துவப் படிப்புக்கு நிலைமை மாறிவிட்டது. 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, பட்டமேற்படிப்புக்கு மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன், புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50 ஆயிரம் டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். பெற்றோர் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு வருடம் 20 ஆயிரம், மொத்தம் 65 ஆயிரம் என்று வரம்பு. பல தனியார் மருத்துவப் பள்ளிகளில் ஒரு வருடச் செலவே 90 ஆயிரத்துக்கு மேல் போகிறது. 50 ஆயிரம் போக மீதி 40 ஆயிரம், நான்கு வருடத்துக்கு 1,60,000 டாலர். அதைக் கையிலிருந்து போட வேண்டும், இல்லையென்றால் தனியார் வங்கிக் கடன். உங்கள் பெண் மருத்துவப் பள்ளிக்குப் போகும்போது விதிகள் திரும்ப மாறலாம். மாறும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. எட்டு வருடத் திட்டத்தின் எர்லி டிசிஷனில் நீங்கள் விலை பார்த்து வாங்குவது முதல் பாதியை மட்டும்தான்.

பிஎல்எம்இ கிடைத்தால் இழப்பதும் ஒன்று உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2018 முதல் எல்லா எம்டி மாணவர்களுக்கும் கல்விக் கட்டணத்தை நீக்கிவிட்டது. பிராங்க்ஸில் உள்ள ஐன்ஸ்டைன் மருத்துவப் பள்ளி 2024-ல் ரூத் காட்டஸ்மன் கொடுத்த 100 கோடி டாலரால் கட்டணமில்லாப் பள்ளியானது. அதே வருடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் குடும்ப வருமானம் 3 லட்சம் டாலருக்குக் கீழ் இருந்தால் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. பிஎல்எம்இக்குள் நுழையும் அளவுக்குப் படிக்கிற பெண், சாதாரண வழியில் போனால் நான்கு வருடம் கழித்து இந்தப் பள்ளிகளிலும் முயற்சி செய்யலாம். உறுதி கிடையாது, போட்டி கடுமை. 2023-24-ல் நாடு முழுக்க எம்டிக்கு விண்ணப்பித்தவர்கள் 52,577 பேர், சேர்ந்தவர்கள் 22,981 பேர். பாதிக்கும் மேல் வெளியே நிற்கிறார்கள். சேர்ந்தவர்களின் சராசரி எம்கேட் 511.7. அந்தப் பயம் நியாயமானது, அதனால்தான் எட்டு வருட உறுதிக்கு ஆசைப்படுகிறோம். ஆனால் அந்த உறுதிக்கு ஒரு விலை உண்டு, அது சில குடும்பங்களுக்குத் தகும், சிலருக்குத் தகாது. இடையில் இன்னொரு கதவும் இருக்கிறது: நியூயார்க்கில் உள்ள மவுண்ட் சைனாய் மருத்துவப் பள்ளியின் ஃப்ளெக்ஸ்மெட் திட்டத்துக்கு எந்தக் கல்லூரியில் படித்தாலும் இரண்டாம் வருடத்தில் விண்ணப்பிக்கலாம், எம்கேட் வேண்டாம். 17 வயதில் ஒரு கதவு மூடினால் எல்லாம் முடிந்தது என்று உங்கள் பெண் நினைக்காதபடி இதை அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

உங்கள் விசா நிலையை நீங்கள் குறிப்பிடவில்லை. கிரீன் கார்டு இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கானது) இருக்கும் பெண் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைப் பாருங்கள். கூட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்கின்றன, சில தனியார் பல்கலைக்கழகங்கள் மட்டும் விதிவிலக்கு. மத்திய அரசுக் கல்விக் கடன் எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். எட்டு வருடப் படிப்பின் நடுவில்தான் அந்த 21 வரும். கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பன்னிரண்டு வருடமாக நிற்கும் நம் குடும்பங்கள் இதை மார்ச் மாதத்தில் கண்டுபிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். குடியேற்ற விஷயத்தில் என் வார்த்தையை முடிவாக எடுக்காமல் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் தயாரா என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். நவம்பர் 1 என்றால் கட்டுரைகள் அக்டோபர் நடுவில் முடிந்திருக்க வேண்டும். பிரவுன் எஸ்ஏடி அல்லது ஏசிடி தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது. அதை இன்னும் ஒரு முறை எழுதி மதிப்பெண்ணை உயர்த்த வேண்டிய நிலை என்றாலோ, பதினோராம் வகுப்பில் சறுக்கியதை இந்த அரையாண்டில் சரிசெய்ய வேண்டியிருந்தாலோ, ஜனவரியில் ரெகுலரில் போடுவதே மேல். பிஎல்எம்இக்கு ரெகுலரிலும் விண்ணப்பிக்கலாம். அரைகுறையாக எழுதிய கட்டுரையை எர்லி என்ற பெயர் காப்பாற்றாது. பிஎல்எம்இ கட்டுரையில் அவர்கள் கேட்பது, இந்த வயதில் ஏன் மருத்துவத்துக்கு உன்னை ஒப்புக்கொடுக்கிறாய் என்பது. என்னிடம் ஒரு மாணவி முதலில் எழுதிக் கொண்டுவந்தது முழுக்க விருதுகளும் ஆராய்ச்சியும். முதியோர் இல்லத்தில் வாராவாரம் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கை நடுங்கும் ஒரு பாட்டிக்குத் தட்டில் இருப்பதைச் சின்னதாக வெட்டிக் கொடுப்பேன், ஊட்டிவிட்டால் அவருக்குப் பிடிக்காது என்றாள். வெட்டிக் கொடுப்பதற்கும் ஊட்டிவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்கத் தெரிந்த பெண்ணிடம் எழுத வேறென்ன வேண்டும்? அதை எழுது என்று அனுப்பினேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். மருத்துவம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, பிரவுன் கல்லூரி அவளுக்கு முதல் விருப்பமா என்று பார்ப்பேன். அங்கே கட்டாயப் பாடங்களின் பட்டியல் இல்லாத திறந்த பாடத்திட்டம். பிஎல்எம்இ பிள்ளைகளே வரலாறும் இசையும் முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கலாம். அது அவளை ஈர்க்கிறதா? நடுவில் வரும் அந்தக் கடிதம் வந்தாலும் டிசம்பரில் அவள் சிரித்த முகத்தோடு இருப்பாளா? நாலு வருடச் செலவையும் உங்களால் தாங்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எர்லி டிசிஷன் போடலாம், தயங்க வேண்டாம். அவள் பிரவுனை விரும்புவது பிஎல்எம்இக்காக மட்டும்தான் என்றால், ரெகுலரில் போட்டுவிட்டு நியூஜெர்சி, ஆல்பனி நேர்காணல்களுக்கு அவளைத் தயார் செய்வதே நல்லது. ஏழு வருடத் திட்டத்தில் இடம் கிடைத்த பிள்ளைகளில் பலர் பிரவுன் பெயரை நினைத்துக்கூடப் பார்க்காமல் இன்று எம்டி முடித்தபின் வரும் மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சியில் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்விகளை அவளிடம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேட்காதீர்கள். பள்ளிக்கு காரில் கூட்டிப் போகும்போது ஒருவர் மட்டும் கேளுங்கள். அந்தக் கடிதத்தை வாய்விட்டு அப்படியே சொல்லிக் காட்டுங்கள்: "பிரவுன் கிடைத்துவிட்டது, பிஎல்எம்இ கிடைக்கவில்லை, மற்ற இடமெல்லாம் ரத்து." அவள் வாயைத் திறந்து பதில் சொல்வதற்கு முன்னால் வரும் அந்த ஒரு நொடியைக் கவனியுங்கள். பிறகு உங்கள் பள்ளிக் கவுன்சலரிடம் அக்டோபர் முதல் வாரத்துக்குள் நேரம் வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் எங்கள் அறைக்கு வெளியே வரிசை நீளமாக இருக்கும்.